பிராஞ்ச கீழ வைக்கக் கத்துக்கணும்: தீயணைப்பு வேலையில லீடரா வளர்றது பத்தி

ஒரு பிளான்ட்டோட ஃபயர் டீம்ல நான் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகி மூணாவது வாரம். ராத்திரி ரெண்டேகால் மணி இருக்கும், பிளான்ட்டுக்குப் பின்னாடி ஸ்கிராப் யார்டுல அட்டைப்பெட்டி, பாலித்தீன், உடைஞ்ச மரப் பேலட்டுன்னு குமிச்சு வெச்சிருந்த எடத்துல தீ. அஞ்சு பேரோட வண்டியில போய் எறங்குறேன், எறங்குன உடனே என்ன பண்ணேன்னா, பையன் கையில இருந்த பிராஞ்ச, அதாவது ஹோஸ் முனையில தண்ணி பீச்சற குழாய, வாங்கி நானே தண்ணி அடிக்க ஆரம்பிச்சுட்டேன். எட்டு வருஷமா கை பழகுன வேலை. நல்லாத்தான் அடிச்சேன், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

எங்க வண்டி டேங்க் 4,500 லிட்டர். பிராஞ்ச்ல நிமிஷத்துக்கு 450 லிட்டர் போச்சுன்னா பத்தே நிமிஷம்தான், இந்தக் கணக்க என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அன்னைக்கு ஹைட்ரன்ட்ல (தீயணைக்கத் தண்ணி எடுக்கற குழாய்) இருந்து லைன் இழுங்கடான்னு யாரும் சொல்லல, ஏன்னா சொல்ல வேண்டிய ஆளு தீ முன்னாடி நின்னு தண்ணி அடிச்சிட்டு இருக்கான். பம்ப் ஆபரேட்டர் அண்ணன் ரெண்டு தடவ கத்தியிருக்காரு, எனக்குக் காதுல விழல. தண்ணி நின்னுபோச்சு. அதுக்குள்ள காத்து திரும்பி, தீ பக்கத்துல இருந்த பெயின்ட் ஷெட்டப் பாத்து நகர ஆரம்பிச்சிருச்சு.

யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஷெட்டும் தப்பிச்சுது, அது எங்க அதிர்ஷ்டம். விடியக்காலம் ஹோஸ் சுத்திட்டு இருக்கறப்ப அந்த அண்ணன் பக்கத்துல வந்து நின்னாரு. அவருக்கு வயசு 54, டூட்டியில என்னை "சார்"னுதான் கூப்பிடுவாரு. அன்னைக்கு "தம்பி"ன்னு ஆரம்பிச்சாரு. "தம்பி, நீங்க பிராஞ்ச புடிச்சிக்கிட்டா எங்களயெல்லாம் யாரு பாக்கறது?" அவ்வளவுதான் சொன்னாரு, டீ குடிக்கப் போயிட்டாரு.

இந்தக் கேள்வியச் சுத்தித்தான் இந்தக் கட்டுரை முழுக்க. தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ்னு இந்த மாதிரி உசுர் சம்பந்தப்பட்ட வேலையில இருக்கறவங்க "நான் அடுத்து எப்படி வளரணும்"னு யோசிக்கறப்ப நம்ம ஊர்ல அது பெரும்பாலும் ப்ரமோஷன் கணக்காவே முடிஞ்சிடுது. எனக்குத் தெரிஞ்சது தீயணைப்பு, அதனால அத வெச்சே சொல்றேன்.

தமிழ்நாடு தீயணைப்புத் துறையில உள்ள வர்றதுக்குப் பல வாசல் இருக்கு. பத்தாவது முடிச்சவங்க சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியா, அதாவது போலீஸ் கான்ஸ்டபிள், ஜெயில் வார்டர் வேலைக்கு நடக்கற அதே எக்ஸாம் வழியா, ஃபயர்மேனா வரலாம். டிகிரி முடிச்சவங்க எஸ்ஐ எக்ஸாமோட சேர்த்து நடத்தறதுல நேரா நிலைய அலுவலரா வரலாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதினா மாவட்ட அலுவலராவே வரலாம். எல்லாருக்கும் மேல டைரக்டர் நாற்காலியில ஐபிஎஸ் அதிகாரி. கீழ இருந்து ஏர்றவங்களுக்கு சீனியாரிட்டி, வேக்கன்சி, ப்ரமோஷன் பேனல்ல பேர், ஒழுங்கு நடவடிக்கை சார்ஜ் மெமோ எதுவும் நிலுவையில இல்லாம இருக்கறது, இந்த நாலும் ஒண்ணா அமையணும். இதுல உங்க கையில இருக்கறது கடைசி ஒண்ணு மட்டும்தான், அதுகூட முழுசா இல்லன்னு சர்வீஸ்ல இருக்கறவங்க சிரிப்பாங்க.

அதனால என்ன ஆகுதுன்னா, வளர்ச்சிங்கறதே நமக்கு வெளிய இருந்து வர்ற ஒரு ஆர்டர் காப்பி மாதிரி ஆயிடுது. ஆர்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கோம், வந்தா ஸ்வீட் பாக்ஸ் வாங்கறோம், தோள்ல புதுப் பட்டை குத்தறோம். மறுநாள் காலையில ரோல் கால்ல போய் நிக்கறப்ப நேத்து வரைக்கும் செஞ்ச வேலைக்கும் இன்னைக்குச் செய்ய வேண்டிய வேலைக்கும் என்ன வித்தியாசம்னு யாரும் உக்கார வெச்சுச் சொல்றதில்ல. ஃபயர்மேனா இருக்கறப்ப உங்க கண்ணு தீ மேல இருக்கணும். இன்சார்ஜ் ஆனா கண்ணு ஆளுங்க மேல, தண்ணி மேல, காத்து மேல, கேட்டுக்கிட்ட கூடுற கூட்டத்து மேல, அடுத்த பத்து நிமிஷம் என்ன ஆகும்ங்கறது மேல இருக்கணும். முன்னாடி போய் நிக்கறதுதான் வீரம்னு எட்டு வருஷம் பழகுன உடம்பு, ரெண்டடி பின்னாடி வந்து நில்லுடான்னா கேக்காது.

இதுல நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வேற இருக்கு, எந்த லீடர்ஷிப் கிளாஸ்லயும் நான் இதக் கேட்டதில்ல. டைரக்ட் ரெக்ரூட்டா வர்ற நிலைய அலுவலருக்கு இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு. அவரு கீழ இருக்கற முன்னணி தீயணைப்போருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், அவரோட பொண்ணுக்கே இவரு வயசு இருக்கும். அவர எப்படிக் கூப்பிடறது? பேர் சொன்னா மரியாதை இல்ல, "அண்ணே"ன்னு கூப்பிட்டா அப்புறம் ஆர்டர் போட வாய் வராது, அண்ணன்கிட்ட "இங்க நில்லுங்க, உள்ள போகாதீங்க"ன்னு அதட்ட நம்மளுக்குப் பழக்கம் இல்லயே. சில புது ஆளுங்க இத சமாளிக்கறதுக்காகவே வெறைப்பா மாறிடுவாங்க, எதுக்கெடுத்தாலும் மெமோ. சிலர் அப்படியே அண்ணன் சொல்றதுக்குத் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு பேருக்கும் ஸ்டேஷன் ஓடும், சம்பளம் வரும், பெரிய ஃபயர் கால் ஒண்ணு வர்ற வரைக்கும் குறை ஒண்ணும் தெரியாது.

நான் பாத்த வரைக்கும் உருப்படியா வந்தவங்க ஒரு காரியம் பண்ணாங்க. சும்மா இருக்கற நேரத்துல அந்த அண்ணன்கிட்ட போய் "இந்த ஏரியாவுல தண்ணி எங்க கெடைக்கும், எந்தத் தெருவுல வண்டி திரும்பாது, எந்த குடோன்ல என்ன இருக்கு"ன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. டர்ன் அவுட் ஆனதுக்கப்புறம், அதாவது காலுக்கு வண்டி கெளம்பினதுக்கப்புறம் மட்டும் பேச்சு மாறிடும், அங்க ஒரே குரல்தான். ஸ்டேஷன்ல நான் உங்ககிட்ட கத்துக்கறேன், ஸ்பாட்ல நீங்க என் பேச்சக் கேக்கணும்ங்கற ஒப்பந்தம் வாயால சொல்லாமயே போட்டுக்கிட்டாங்க. இத நான் புத்தகத்துல படிக்கல, பக்கத்துல இருந்து பாத்தேன்.

சரி, அனுபவம் வந்தா தானா லீடர் ஆயிடுவோமா? இங்கதான் கேரி கிளைன்னு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் ஒருத்தர் 1980கள்ல செஞ்ச வேலையப் பத்திச் சொல்லணும். ஃபயர் கமாண்டர்ங்க ஸ்பாட்ல எப்படி முடிவெடுக்கறாங்கன்னு நேர்ல போய்க் கேட்டு ஆராய்ச்சி பண்ணாரு. ரெண்டு மூணு வழிய எடுத்து வெச்சு, இது நல்லதா அது நல்லதான்னு ஒப்பிட்டுப் பாப்பாங்கன்னுதான் எதிர்பாத்தாரு. அப்படி யாரும் பண்ணல. பாத்த உடனே "இது அந்த மாதிரி தீ"ன்னு அடையாளம் தெரியுது, தோணுற முதல் வழிய மனசுக்குள்ள ஒரு தடவ ஓட்டிப் பாக்கறாங்க, சரியா வந்தா இறங்கிடறாங்க. அவரு சொன்ன ஒரு கேஸு ரொம்பப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும்: ஒரு வீட்டுல கிச்சன் பக்கம் தீ, தண்ணி அடிக்க அடிக்க அடங்கல, ஹால்ல நின்னா சூடு தாங்கல, ஆனா சத்தம் ரொம்பக் கம்மி. லெஃப்டினன்ட்டுக்கு என்னமோ சரியில்லன்னு பட்டு எல்லாரையும் வெளிய வரச் சொன்னாரு, வந்த கொஞ்ச நேரத்துல அவங்க நின்ன தரை உள்ள போயிடுச்சு. தீ உண்மையில கீழ பேஸ்மென்ட்ல இருந்திருக்கு. அந்த ஆளு அத ஏதோ ஆறாவது அறிவுன்னே நெனச்சிட்டு இருந்தாராம். கிளைன் சொன்னது வேற, இத்தனை நாள் பாத்த தீயெல்லாம் அவருக்குள்ள ஒரு கணக்கா உக்காந்திருக்கு, இந்தத் தீ அந்தக் கணக்குக்கு ஒத்து வரல, அதுதான் நெஞ்சுல உறுத்துச்சு.

இப்ப நம்ம ஊர் ஸ்டேஷன் ஒண்ணோட கால் புக்கப் புரட்டிப் பாருங்க. பாம்பு புடிக்கறது, கெணத்துல விழுந்த மாடு, வைக்கோல் போர், குப்பை, கரும்புத் தோட்டம், குளத்துல மூழ்கினவங்க, மழை நாள்ல மரம் விழறது. எல்லாமே தேவையான வேலைதான், கெணத்துக்குள்ள எறங்கி மாட்டுக்குக் கயிறு கட்டறதெல்லாம் லேசுப்பட்டதில்ல. ஆனா ஆறு மாடிக் கட்டடத்துல ஆளுங்க மாட்டிக்கிட்ட தீ ஒரு ஆளோட சர்வீஸ்ல எத்தனை தடவ வரும்? சில பேருக்கு ஒண்ணுகூட வராது. அப்ப இருபது வருஷம் சர்வீஸ் போட்டவரும் அந்த மாதிரித் தீக்குப் புது ஆள்தான், அந்த விஷயத்துல அவருக்குள்ள கணக்கே இல்ல. 2017 மே 31ஆம் தேதி தி.நகர்ல சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்புடிச்சப்ப அந்த ஏழு மாடி உள்ளுக்குள்ளயே எரிஞ்சு ஒரு பகுதி இடிஞ்சே விழுந்துச்சு, அந்த மாதிரி ஒண்ண அதுக்கு முன்னாடி கண்ணால பாத்தவங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க.

அதனால வளர்ச்சித் திட்டம் போடணும்னா என்னோட முதல் ஆலோசனை, எத்தனை வருஷம்னு எண்ணாதீங்க, எந்தெந்த வகையில எத்தனை தடவன்னு எண்ணுங்க. ஒரு பக்கம் கோடு போட்டு நான் செஞ்சது, நான் கூட நின்னு பாத்தது, நான் கேள்வி மட்டும் பட்டதுன்னு மூணு கட்டம். கேஸ் லீக், பேஸ்மென்ட் தீ, கெமிக்கல் லாரி கவுந்தது, கட்டடம் இடிஞ்சது, ஒரே நேரத்துல ரெண்டு ஸ்டேஷன் வண்டிய நான் பாத்துக்க வேண்டி வந்தது. நான் எழுதிப் பாத்தப்ப மூணாவது கட்டம்தான் ரொம்பி வழிஞ்சுது. கொஞ்சம் அசிங்கமா இருந்துச்சு, ஆனா எங்க போய் எதக் கத்துக்கணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அடுத்தது அதிகாரம் பத்தி. வருஷா வருஷம் ஏப்ரல் 14ல இருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம் கொண்டாடறோம், ஸ்கூல்ல டெமோ காட்டறோம், நோட்டீஸ் குடுக்கறோம், ஸ்தூபிக்கு மாலை போடறோம். எதுக்கு ஏப்ரல் 14ன்னு கேட்டா பாம்பே துறைமுகத்துல ஃபயர்மேன்ங்க செத்தாங்கன்னு சொல்லுவாங்க, அதோட கதை நின்னுடும். நடந்தது என்னன்னா, 1944ல, போர் நேரம், விக்டோரியா டாக்ல ஃபோர்ட் ஸ்டிகின்னு ஒரு சரக்குக் கப்பல். உள்ள சுமார் 1,400 டன் வெடிபொருள், அதோட பஞ்சுப் பொதி, எண்ணெய் பீப்பாய், தங்கக்கட்டிகூட இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணி வாக்குல பஞ்சுல புகை. தீயணைப்பு வண்டிங்க வந்து தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்காங்க. சாயங்காலம் 4:06க்கு வெடிச்சுது, கொஞ்ச நேரத்துல இன்னொரு தடவ. 66 தீயணைப்பு வீரர்கள் போனாங்க, ஊர் ஜனம் நூத்துக்கணக்குல.

அந்த ரெண்டு மணி நேரம்தான் விஷயம். கப்பல் கேப்டன் இருந்தாரு, துறைமுகத்து அதிகாரி இருந்தாரு, ஃபயர் பிரிகேடு தலைவர் இருந்தாரு, வெடிபொருள் தெரிஞ்ச ராணுவ ஆளும் இருந்தாரு. கப்பல அங்கயே மூழ்கடிச்சிடணும்னும் பேச்சு வந்துச்சு, கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடலாம்னும் பேச்சு வந்துச்சு. ஆனா எல்லாருக்கும் சேர்த்துக் கடைசி வார்த்தை சொல்ற அதிகாரம் யார் கையிலன்னு தெளிவா இல்ல. எல்லாரும் அவங்கவங்க வேலையச் செஞ்சாங்க, தண்ணி அடிச்சவங்க கடைசி வரைக்கும் தண்ணி அடிச்சாங்க. எனக்கு இதப் படிச்சப்ப எங்க ஸ்கிராப் யார்டு ஞாபகம் வந்துச்சு, ரெண்டையும் ஒப்பிடறது தப்புதான், ஆனா வந்துச்சு.

அமெரிக்காவுல இதே பிரச்சினைக்கு ஒரு அமைப்பே உருவாச்சு. 1970ல கலிபோர்னியாவுல ரெண்டு வாரம் போல காட்டுத்தீ எரிஞ்சு 16 பேர் செத்தாங்க, நூத்துக்கணக்கான வீடு போச்சு. பாத்தா ஒவ்வொரு ஏஜென்சிக்கும் ஒரு பேச்சு, ஒரு ரேடியோ, ஒரு தலைவர். அதுல இருந்து வந்ததுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்: ஸ்பாட்டுக்கு ஒரே கமாண்டர், ஒரு ஆள் நேரடியா பாத்துக்கறது மூணுல இருந்து ஏழு பேர், அஞ்சுன்னா நல்லது. இந்தியாவுல தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010ல அத நம்ம நிர்வாகத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்னு வழிகாட்டி போட்டுச்சு, மாவட்டத்துல கலெக்டர்தான் பொறுப்பு அதிகாரி. பேப்பர்ல எல்லாம் இருக்கு. ஒரு ஃபயர் ஸ்டேஷன் இன்சார்ஜ் தனக்கு எந்த இடம் வரைக்கும் முடிவெடுக்க உரிமை இருக்கு, எதுக்கு மேல யாருக்கு ஃபோன் போடணும், மின்வாரியத்துல யாரு, ஜேசிபி யார்கிட்ட, ஜிஹெச்ல யார்னு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சிருக்காரா, அந்த ஆளுங்களோட ஒரு தடவையாவது டீ குடிச்சிருக்காரா, இதெல்லாம் வளர்ச்சித் திட்டத்துல வர வேண்டிய ஐட்டம். ராத்திரி ரெண்டு மணிக்கு முதல் தடவயா ஒருத்தருக்கு ஃபோன் போட்டு "நான் இன்னார் பேசறேன், கரன்ட் கட் பண்ணுங்க"ன்னா அவரு நம்மள யார்னு கேக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும்.

இப்ப கிரென்ஃபெல் டவர். 2017 ஜூன் 14, லண்டன், 24 மாடி குடியிருப்பு. ராத்திரி 12:54க்கு கால் வருது, நாலாவது மாடியில ஒரு கிச்சன்ல ஃபிரிட்ஜ் தீ. முதல்ல போன டீம் உள்ள போய் அந்தக் கிச்சன் தீய அணைச்சிடறாங்க, அவங்களப் பொறுத்த வரைக்கும் வேலை முடிஞ்சுது. ஆனா தீ ஜன்னல் வழியா வெளிய போய் கட்டடத்தோட மேல்பூச்சுப் பலகையில ஏறிடுச்சு, அரை மணி நேரம் போல உச்சிக்கே போயிடுச்சு. பிரிட்டன்ல இந்த மாதிரி கட்டடத்துக்கு விதி என்னன்னா, உங்க வீட்டுல தீ இல்லன்னா வெளிய வராதீங்க, கதவச் சாத்திட்டு உள்ளயே இருங்க. கட்டடம் ஒழுங்கா இருந்தா அது நல்ல விதிதான், பல வருஷமா வேலை செஞ்ச விதிதான். அந்த விதிய 2:47க்குத்தான் கைவிட்டாங்க. 72 பேர் செத்தாங்க. விசாரணை ஆணையத்தோட முதல் கட்ட அறிக்கை 2019 அக்டோபர்ல வந்துச்சு, 1:30ல இருந்து 1:50க்குள்ள அந்த முடிவு எடுத்திருக்கலாம், எடுத்திருந்தா சாவு கொறஞ்சிருக்கும்னு சொல்லுச்சு.

இதுல என்னை உலுக்கினது வேற. முதல்ல கமாண்ட் எடுத்தவரு வாட்ச் மேனேஜர், நம்ம ஊர் நிலைய அலுவலர் மாதிரின்னு வெச்சுக்குங்க, அனுபவம் உள்ள ஆளு, கோழை கிடையாது. ஆனா முழுக் கட்டடத்தையும் காலி பண்ண வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு அவருக்கோ அவருக்கு மேல வந்த அதிகாரிங்களுக்கோ பயிற்சியே குடுக்கல, அறிக்கையே இதச் சொல்லுது. விதிய மனப்பாடம் பண்ண வெச்சாங்க, விதி எப்ப செல்லாதுன்னு சொல்லித் தரல. நம்ம டிபார்ட்மென்ட் எக்ஸாம் எல்லாத்தையும் இத வெச்சு யோசிச்சுப் பாருங்க. ரூல் நம்பர் கேப்பாங்க, பம்ப் பிரஷர் கேப்பாங்க, கயிறுல எத்தனை முடிச்சுன்னு கேப்பாங்க. இந்த ரூல எந்த நேரத்துல விடணும்னு எந்தக் கேள்வித்தாள்லயும் நான் பாத்ததில்ல. கேட்டாலும் என்ன எழுதறது, எழுதறவனுக்கு சார்ஜ் மெமோ பயம் இருக்கும்ல.

பிரிட்டன்லயே சப்ரீனா கோஹென் ஹேட்டன்னு ஒரு அம்மா. சின்ன வயசுல வீடில்லாம ரோட்டுல தங்கினவங்க, 18 வயசுல வேல்ஸ்ல ஃபயர் சர்வீஸ்ல சேந்தாங்க, அப்புறம் உளவியல்ல டாக்டர் பட்டம் வாங்கி தீயணைப்புத் தலைமை அதிகாரி வரைக்கும் வந்தாங்க. கமாண்டர்ங்க ஹெல்மெட்ல கேமரா மாட்டி எப்படி முடிவெடுக்கறாங்கன்னு பாத்தாங்க, கிளைன் சொன்ன மாதிரியே பெரும்பாலும் பாத்த உடனே கை போற வழிதான். அதுக்கு அவங்க டீம் குடுத்த மருந்து ரொம்பச் சின்னது, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள மூணு கேள்வி: இத எதுக்குப் பண்றேன், பண்ணா என்ன ஆகும்னு எதிர்பாக்கறேன், கெடைக்கற பலனுக்கு இந்த ரிஸ்க் தகுமா. இதக் கேட்டுப் பழகினவங்க முடிவெடுக்க லேட் ஆகல, ஆனா குறிக்கோளோட ஒட்டி முடிவெடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. நான் இத டெய்லி ட்ரில்ல போட்டுப் பாக்கறேன், பசங்க முதல்ல சிரிச்சாங்க. "சார், தீ எரியறப்ப எதுக்கு சார் கேள்வி"ன்னு ஒருத்தன் கேட்டான். நான் பெயின்ட் ஷெட் கதையச் சொன்னேன், அப்புறம் சிரிக்கல.

இன்னொரு கேஸு, சுருக்கமா. 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவுல மொன்டானா மாநிலம், மேன் கல்ச்ங்கற பள்ளத்தாக்கு. விமானத்துல இருந்து குதிச்சு காட்டுத்தீ அணைக்கற டீம். தீ திடீர்னு இவங்க பக்கம் திரும்பி மேட்டுல துரத்துது. ஃபோர்மேன் வேக்னர் டாட்ஜ் ஓடறத நிறுத்திட்டு, முன்னாடி இருக்கற புல்லுல தானே தீக்குச்சி கிழிச்சுப் போட்டு, அது எரிஞ்ச சாம்பல்ல படுத்துக்கிட்டு மத்தவங்களயும் வாங்கன்னு கூப்பிட்டாரு. எரிய வேண்டியது ஏற்கனவே எரிஞ்சு போனதால பெரிய தீ அவரச் சுத்திட்டுப் போயிடும், அதான் கணக்கு. அவரு பொழைச்சாரு. அவரு பேச்சக் கேட்டு யாரும் அங்க வரல, 13 பேர் செத்தாங்க. அவரு பண்ணது அவங்க யாரும் அதுவரைக்கும் பாக்காத வித்தை, அந்தப் பசங்களோட அவரு முன்னாடி சேர்ந்து வேலை செஞ்சதும் ரொம்பக் கம்மி. தெரியாத ஆளு நெருப்பு வெச்சு அதுல படுன்னா யாரு படுப்பா? சரியான முடிவெடுக்கத் தெரிஞ்சும் ஆள் வரலன்னா என்ன பண்றது. இத நெனைக்கறப்பதான் ரோல் கால்ல, கேரம் போர்டுல, ஒருத்தன் வீட்டுக் காதுகுத்துக்குப் போறதுல எல்லாம் என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியுது.

சரி, இதையெல்லாம் ஒரு திட்டமா எப்படி மாத்தறது. எனக்குத் தெரிஞ்சு இருக்கறதுலயே உருப்படியான கருவி அமெரிக்கக் காட்டுத்தீ ஆளுங்க வெச்சிருக்கற டாஸ்க் புக். அடுத்த போஸ்ட்டுக்கு ஒரு புத்தகம், அதுல அந்த வேலையோட ஒவ்வொரு காரியமும் வரிசையா இருக்கும். நீங்க டிரெய்னியா நிஜத் தீக்கே போவீங்க, பக்கத்துல அந்த வேலை தெரிஞ்ச ஒருத்தர் நிப்பாரு, நீங்க செஞ்சத அவரு பாத்தா மட்டும் அந்த வரியில கையெழுத்து. எல்லா வரியும் நிரம்பினாத்தான் அந்த நாற்காலிக்குத் தகுதி. வருஷக் கணக்கு, சிபாரிசு எதுவும் அந்தக் கையெழுத்துக்கு ஈடு ஆகாது. நம்ம துறையில இப்படி ஒண்ணு வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் ஒரு குயர் லாங் சைஸ் நோட்டு போதும். நான் அப்படித்தான் பண்ணேன். இடது பக்கம் காரியம், வலது பக்கம் தேதி, யாரு பாத்தாங்க, அவங்க கையெழுத்து. "முதல் ரேடியோ மெசேஜ்ல என்ன பாக்கறேன், என்ன பண்ணப்போறேன், என்ன வேணும்னு மூணையும் சொன்னது." "பிராஞ்ச தொடாம ஒரு காலு முழுக்க முடிச்சது." "பி.ஏ. செட் (மூச்சுக் கருவி) போட்டு உள்ள போனவங்க நேரம் பாத்து வெளிய கூப்பிட்டது." "வயசுல மூத்த ஒருத்தர் தப்பு பண்றப்ப அங்கயே நிறுத்தினது." இப்படி 41 வரி வந்துச்சு.

கையெழுத்து யார்கிட்ட வாங்கறதுன்னு யோசிச்சேன். மேலதிகாரிகிட்ட போனா அது வருஷா வருஷம் எழுதற ரகசிய அறிக்கை, ஏ.சி.ஆர்., மாதிரி ஆயிடும், நல்லதா மட்டும்தான் எழுதுவாரு இல்ல கெட்டதா மட்டும்தான் எழுதுவாரு. அதனால பம்ப் ஆபரேட்டர் அண்ணன்கிட்டயே குடுத்தேன். என் கீழ வேலை பாக்கறவரு எனக்கு மார்க் போடறதான்னு ஒருத்தர் கேட்டாரு. பம்ப்கிட்ட நிக்கற ஆளுக்குத்தான் முழு ஸ்பாட்டும் தெரியும், நான் எங்க நிக்கறேன், எப்ப பதறுறேன் எல்லாம் அவரு கண்ணுல படும், அவரவிட நல்ல ஆளு எங்க கெடைப்பாரு.

ஒவ்வொரு காலுக்கும் அப்புறம் வண்டி கழுவி முடிச்சு, டீ வர்றதுக்குள்ள ஒரு பத்து நிமிஷப் பேச்சு வெச்சுக்கிட்டோம். என்ன நெனச்சோம், என்ன நடந்துச்சு, ஏன் மாறுச்சு. இதுக்கு ராணுவத்துல பெரிய பேரெல்லாம் இருக்கு, எங்களுக்கு அது டீ நேரப் பேச்சு. ஒரே ஒரு சட்டம்: சர்வீஸ்ல கடைசியா வந்த பையன்தான் முதல்ல பேசணும், நான் கடைசியா பேசணும். நான் முதல்ல பேசிட்டேன்னா அதுக்கப்புறம் எல்லாரும் "ஆமா சார்"தான். முதல் ரெண்டு மாசம் பசங்க வாயே தொறக்கல. அப்புறம் ஒரு நாள் ஒருத்தன் "சார், நீங்க கத்தறப்ப என்ன சொல்றீங்கன்னு புரியல சார், கத்தறது மட்டும் கேக்குது"ன்னான். அத நோட்டுல 42ஆவது வரியா சேத்தேன்.

படிப்பு பத்திக் கேப்பீங்க. நாக்பூர்ல 1950கள்ல இருந்து நேஷனல் ஃபயர் சர்வீஸ் காலேஜ் இருக்கு, சப் ஆஃபீசர், ஸ்டேஷன் ஆஃபீசர், டிவிஷனல் ஆஃபீசர் கோர்ஸ்லாம் அங்க உண்டு, ஃபயர் இன்ஜினியரிங்ல பி.இ.யும் இருக்கு. தாம்பரத்துல மாநிலப் பயிற்சி மையம். மத்திய அரசு கர்மயோகின்னு 2020ல ஆரம்பிச்ச திட்டத்துல அரசு ஊழியர்களுக்கு ஆன்லைன் கோர்ஸ் இருக்கு. அமெரிக்க ஸ்டாண்டர்ட் 1021ன்னு ஒண்ணு ஆஃபீசர் வேலைய நாலு படியா பிரிச்சு வெச்சிருந்துச்சு, முதல் படியில ஒரு வண்டியும் அதுல இருக்கற ஆளுங்களும், மேல போகப் போக பட்ஜெட், ஆள் எடுக்கறது, ஊரோட பேசறது, நம்ம வேலையில அடுத்த படி என்னன்னு புரிஞ்சுக்க அதோட பொருளடக்கம் மட்டும் பாத்தாலே போதும். சர்டிபிகேட் வாங்குங்க, வேணாங்கல, ஃபைல்ல இருக்கட்டும்.

உடம்பு பத்தி இந்த மாதிரி கட்டுரையில யாரும் எழுத மாட்டாங்க. அமெரிக்காவுல டூட்டியில சாகற ஃபயர்மேன்கள எடுத்துக்கிட்டா பல வருஷமா முதல் காரணம் நெருப்பு கிடையாது, மாரடைப்பு. இன்சார்ஜ் ஆகறப்ப வயசு நாப்பது தாண்டிடும், ஓட்டம் நின்னுடும், ராத்திரி டூட்டி, புரோட்டா, தூக்கம் இல்ல, மண்டைக்குள்ள எல்லாரோட டென்ஷனும். அப்புறம் மனசு. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல பள்ளிக்கூடத் தீயில 94 குழந்தைங்க போச்சு, அந்த மாதிரி ஒரு காலுக்குப் போயிட்டு வந்தவன் மறுநாள் ரோல் கால்ல "ஆஜர் ஐயா"ன்னு நிக்கறான். அவன் சரியா இருக்கானான்னு பாக்க வேண்டியது இன்சார்ஜ் வேலை, அதுக்கு நமக்கு ட்ரெய்னிங் கிடையாது, அநேகமா "போய் ஒரு கட்டிங் போட்டுட்டுத் தூங்கு"ன்னுதான் சொல்லப்படுது. என் நோட்டுல இதுக்கு ஒரு வரி இருக்கு, பெரிய கால் முடிஞ்ச மூணாவது நாள் ஒவ்வொருத்தனையும் தனியா கூட்டிட்டு நடக்கறது. ஏன் மூணாவது நாள்னா, முதல் நாள் எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க.

போன மாசம் அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட். சால்வை போட்டோம், ஃபோட்டோ எடுத்தோம், சாப்பாடு போட்டோம். எல்லாரும் கெளம்பினதுக்கப்புறம் நோட்ட எடுத்துட்டு வாங்கன்னாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா புரட்டினாரு. மொத்தம் 42 வரியில 39க்குக் கையெழுத்து ஆயிருந்துச்சு. ரெண்டு வரிக்கு இதுவரைக்கும் வாய்ப்பே வரல. மிச்சம் ஒண்ணு, "எஸ்.ஓ.பி.ல (எழுதி வெச்ச நடைமுறை) இருக்கறதுக்கு மாறா ஆளுங்கள வெளியேத்த வேண்டி வந்தா அப்பவே முடிவெடுத்தது." போன வருஷம் கெமிக்கல் ஸ்டோர் அலாரம்ல அதுக்கு நேரம் வந்துச்சு, நான் பிளான்ட் மேனேஜருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் காலி பண்ணச் சொன்னேன், நாலு நிமிஷம். அன்னைக்கு அலாரம் பொய்யாப் போச்சு, எங்க மேனேஜ்மென்ட்ல என்னைப் பாராட்டக்கூடச் செஞ்சாங்க.

அந்த வரியில விரல வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பாத்தாரு. பேனாவ மூடிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு நோட்ட என் கையில குடுத்தாரு. "இது பாக்கியே இருக்கட்டும் தம்பி"ன்னாரு.